வெள்ளூரணியில் மேகாலயா

வெள்ளூரணிச் சந்தைக் கொட்டகையில் ராஜஸ்தானைப் படித்து முடித்த அன்று ஊரில் எவருக்கும் எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் ராஜஸ்தானின் வெயிலுக்கும் வெள்ளூரணியின் வெயிலுக்கும் வித்தியாசம் சொல்லக்கூடிய ஆள் அங்கே இல்லை. புழுதி கொஞ்சம் கூடுதலாகப் பறந்தது, டீக்கடை கனி பாய் பால் சட்டியை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூடிவைத்தார், கருவேலங்காட்டு ஓரம் ஒட்டகம் ஒன்று நின்றதாக ஒருவர் வந்து சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை, அவர் அதற்கு முந்தின வாரம் அதே இடத்தில் கப்பலைப் பார்த்தவர்.

படித்தது மூன்று பேர். முத்துராக்கு, அவளுடன் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஜெசிந்தா, காவல்துறைத் தேர்வில் உயரம் போதாமல் திரும்பி வந்த கோட்டைச்சாமி. மூவரும் ரயில்வே தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். மற்ற இருவருக்கும் அடுத்த வருடம் என்று ஒன்று இருந்தது. முத்துராக்குவுக்கு இல்லை, வரும் மாசியோடு அவள் வயது வரம்பைத் தாண்டுகிறது, கார்த்திகையில் வருகிற இந்தத் தேர்வுதான் கடைசி.

சந்தை கூடாத நாட்களில் கொட்டகை அவர்களுடையது. அவர்கள் படிக்கிற முறை இது: முத்துராக்கு ஒரு மாநிலத்தை எடுத்து, அதன் மலைகளை, ஆறுகளை, மண்ணை, மழையை, அது எதிலிருந்து பிரிந்து எந்த வருடம் மாநிலமாயிற்று என்பதை வரிவரியாக உரக்க வாசிப்பாள், மற்ற இருவரும் திருப்பிச் சொல்வார்கள், தடுக்காமல் வருகிறவரை சொல்வார்கள், பிறகு புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்துவைத்துவிட்டு மூவரும் ஒரே குரலில் முதலிலிருந்து கடைசிவரை ஒப்பிப்பார்கள். ஒப்பித்து முடித்தால் அந்த மாநிலம் முடிந்தது. அடுத்ததற்குப் போகலாம்.

ராஜஸ்தானுக்கு அடுத்தது ஹிமாச்சலப் பிரதேசம். 1971 ஜனவரி, பதினெட்டாவது மாநிலம், தலைநகர் சிம்லா என்று குப்புறக் கிடந்த புத்தகத்தின் முன்னால் மூவரும் சொல்லி முடித்தபோது கொட்டகையின் தகரக் கூரையில் உறைபனி இறங்கியது. ஆவணி மாதம், பகல் பதினோரு மணி. கோட்டைச்சாமியின் பற்கள் அடித்துக்கொண்டன. கருவேல விறகை மண்ணால் மூடி எரித்துக் கரிமூட்டம் போடுகிற ஆட்கள் முதல்முறையாகத் தங்கள் மூட்டத்தைச் சுற்றி விருப்பப்பட்டு உட்கார்ந்தார்கள். சபரிமலைக்கு வாங்கி மடித்துவைத்த கம்பளிகள் பெட்டிகளிலிருந்து வெளியே வந்தன. கனி பாய் கடையில் மதியத்துக்குள் பால் தீர்ந்து, அவர் கடுங்காப்பியும் சுக்கும் போட்டுக் கொடுத்தார்.

"என்ன பாய் இது?" என்று கேட்டவர்களிடம், "படிக்கிற பிள்ளைக வேலை" என்றார். "இன்னைக்கு இமாச்சலமாம். நாளைக்கு வேறயாம்."

அவ்வளவுதான். ஏன் என்று வெள்ளூரணியில் யாரும் கேட்கவில்லை. நாளைக்கு எது என்றுதான் கேட்டார்கள்.

ஆவணி முகூர்த்தக்காரர்கள் முதலில் வந்தார்கள். மண்டபத்தில் மின்விசிறி ஓடாது, உத்தராகண்ட் படித்தால் மாப்பிள்ளை வீட்டார் முகம் கோணாமல் சாப்பிடுவார்கள் என்றார்கள். கரிமூட்டக்காரர்களுக்கு ஈரம் ஆகாது, அவர்கள் திரும்பவும் ராஜஸ்தான் கேட்டார்கள். "அதுதான் எப்பவும் இருக்கே, அதை வேற எதுக்குப் படிக்கணும்" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் அங்குச்சாமி, எதையும் முறைப்படுத்தாவிட்டால் தூக்கம் வராத மனிதர், காலையில் கோயில் ஒலிபெருக்கியில் அறிவிக்கத் தொடங்கினார்: பொதுமக்கள் கவனத்துக்கு, இன்று அஸ்ஸாம், மூடுபனி இருக்கும், டிராக்டர் ஓட்டுபவர்கள் விளக்குப் போட்டு வரவும், நாளை கோவா, துணி துவைப்பவர்கள் துவைத்துக்கொள்ளலாம். பஸ் ஓட்டுநர்கள் ஊர் எல்லையில் ஜன்னலை ஏற்றிக்கொள்ளவும் இறக்கிக்கொள்ளவும் பழகினார்கள். சின்னப் பிள்ளைகள் தோல்மேல் உணர்ந்தே மாநிலம் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு, இது ஒடிசா, கடல் காத்து கலந்திருக்கு என்றார்கள், சரியாகவும் இருந்தது.

புரட்டாசி முதல் வாரத்தில் மேகாலயா வந்தது.

காசி, காரோ, ஜெயந்தியா என்று மூன்று மலைகள், அஸ்ஸாமிலிருந்து பிரிந்து 1972 ஜனவரி இருபத்தொன்றில் தனி மாநிலம், உலகத்திலேயே அதிக மழை பெய்கிற ஊர்களில் ஒன்றான மௌசின்ராம், அங்கே காசி மக்களிடையே சொத்து கடைசி மகளுக்குப் போகும் என்ற வழக்கம். இதை முத்துராக்கு வாசித்தபோது கொட்டகை ஓரம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள்.

"கடைசி மகளுக்கா?"

"ஆமாத்தை. மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வரணும்."

"அப்ப உங்கப்பன் நிலம் உனக்குத்தான் ராக்கு. உங்கக்கா புருசன்கிட்டச் சொல்லிடாத, பஸ் பிடிச்சு வந்துருவான்."

"நிலம் எங்க இருக்கு, கருவேலங்காடுதானே இருக்கு" என்று சிரித்துவிட்டு முத்துராக்கு புத்தகத்தைக் கவிழ்த்தாள்.

மழை பெய்தது. வெள்ளூரணி அதற்குமுன் பார்த்திராத மழை, தூறல் இடி என்ற முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், மலைமேல் பெய்து பழகின மழை சமதரையில் கால் வைத்ததுபோல் தடுமாறி, பிறகு நிதானத்துக்கு வந்து, இரவும் பகலும் ஒரே சத்தமாக, ஆடுகள் கத்துவதை மறந்து நிற்க, தவளைகள் எங்கிருந்தோ எழுந்து தங்களுக்குள் விட்டுப்போன பேச்சைத் தொடர, ஊரணி நிறைந்து, கண்மாய் நிறைந்து, கரையில் நட்டிருந்த அளவுகல்லின் தலை மறைகிறவரை பெய்தது. ஜனங்கள் நனைந்தார்கள். நனைவது ஒரு வேலை என்பதுபோல் வரிசையாகத் தெருவில் நின்று நனைந்தார்கள்.

மறுநாள் மூவரும் முறைப்படி பஞ்சாபுக்குப் போனார்கள். பஞ்சாபை ஒப்பித்து முடித்ததும் மழை நின்றது, அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கண்மாய்த் தண்ணீரும் போய்விட்டது, ஊரணித் தண்ணீரும் போய்விட்டது, விருந்துக்கு வந்தவர் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதுபோல் சேறுகூட இல்லாமல் போய்விட்டது. மேகாலயா தன்னுடையதை எடுத்துக்கொண்டது என்று ஊர் புரிந்துகொண்டது. அங்குச்சாமி குடையோடு கொட்டகைக்கு வந்தார்.

"ஏத்தா, பின்னால ஒரு பக்கம் திருப்பு."

திருப்பினாள். மூவரும் ஒப்பிக்க, மேகாலயா திரும்பி வந்தது. அதே தண்ணீர், கண்மாயில் அதே இடத்தில் மிதந்த அதே பிளாஸ்டிக் குடத்தோடு.

அதன் பிறகு ஊர் அவர்களை வேறு பக்கம் திருப்ப விடவில்லை. தினமும் காலையில் மேகாலயாவை ஒப்பிக்க வேண்டும், ஒப்பித்தால் அன்றைய தண்ணீர் அன்றைக்கு நிற்கும். காலையில் கொட்டகைக்கு இட்லி வந்தது. மாலையில் பணியாரம் வந்தது. கரிமூட்டக்காரர்களே மூட்டத்தைக் கைவிட்டு மண்வெட்டியைத் தேடினார்கள். முத்துராக்குவின் அப்பா சேதுராயர், இத்தனை வருடமாகத் தன் வயலில் முளைத்த கருவேலத்தையே வெட்டிக் கரியாக்கி விற்றவர், அந்தக் கருவேலத்தை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, உழுது, விதை நெல் வாங்கி விதைத்தார். விதைத்த அன்று கொட்டகைக்கு வந்து மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

நெல் முளைத்தது. மேகாலயத் தண்ணீரில் வெள்ளூரணி நெல்.

ஐப்பசி பிறந்ததும் ஜெசிந்தா ஒரு மாதிரித் தேர்வு வைத்தாள். இந்தியாவில் மொழி அடிப்படையில் முதலில் அமைந்த மாநிலம் எது என்று கேட்டதற்குக் கோட்டைச்சாமி யோசிக்காமல் மேகாலயா என்றான். மகாராஷ்டிரமும் குஜராத்தும் எதிலிருந்து பிரிந்தன என்றதற்கு மேகாலயா என்றான். இந்தியாவில் மிக நீண்ட கடற்கரை உள்ள மாநிலம் என்றபோது கொஞ்சம் தயங்கி, மேகாலயாவுக்குக் கடல் உண்டா என்று கேட்டான்.

"சிரிக்காத" என்றாள் முத்துராக்கு. "எனக்கும் அதுதான் வாயில வருது."

ஆந்திரா 1953 என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததைத் தேடிப் போனால் வழியெல்லாம் மழை பெய்துகொண்டிருந்தது. படித்த மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்துபோய்க்கொண்டிருந்தன, படிக்காதவை அப்படியே பாக்கி கிடந்தன. தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அவள் அன்று சாயங்காலம் தலைவரிடம் போய், நாளையிலிருந்து பக்கம் திருப்பப்போகிறேன் என்றாள். அங்குச்சாமி ஊரைக் கூட்டினார்.

கொட்டகை நிறைந்து வெளியே குடைகள் நின்றன. யாரும் கோபமாகப் பேசவில்லை. அதுதான் சிரமமாக இருந்தது.

"நீ ரயில்ல வேலைக்குப் போனா நாலு காசு உங்க வீட்டுக்கு வரும், சந்தோசம்" என்றார் அங்குச்சாமி. "நீ இங்க இருந்தா ஊருக்கே சோறுத்தா. யோசிச்சுப் பாரு."

"வருசம் பூரா நான் ஒரே பக்கத்தைப் படிச்சுக்கிட்டு இருக்கணுமா மாமா?"

"எத்தனை பேரு ஒரே வேலையைச் செய்யலை? கனி பாய் ஒரே டீயைத்தான் போடுறாரு."

"நானாவது எப்பவாவது சக்கரையை மாத்திப் போடுவேன்" என்றார் கனி பாய். "பிள்ளை பாவம்."

எல்லோரும் சேதுராயரைப் பார்த்தார்கள். அவர் தூணில் சாய்ந்திருந்தார். "வயல்ல பயிர் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

முத்துராக்கு புத்தகத்தைப் புரட்டினாள். புரட்டும்போதுதான், கடைசியில், மடிப்புக்கூட விழாமல் புதிதாக இருந்த ஒரு பக்கம் அவள் கையில் பட்டது. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். நம்முடையதுதானே, கடைசி நாளில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம் என்று சொந்த மாநிலத்தை விட்டுவைப்பது. அவர்களும் தமிழ்நாட்டை விட்டுவைத்திருந்தார்கள்.

"நாளைக்கு இதைப் படிக்கப்போறேன்" என்று அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினாள்.

கொட்டகையில் முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது, பிறகு பயம்.

"அதைப் படிச்சா என்ன வரும்? நம்ம வெயிலுதான் வரும்" என்றார் ஒருவர்.

"வர்றது நம்ம வெயிலா இருந்தாலும் அது திரும்பிப் போகாதுல்ல. நம்ம தண்ணி வந்தாலும் போகாது. போறதுக்கு அதுக்கு வேற ஊர் கிடையாது" என்றாள் முத்துராக்கு.

அங்குச்சாமி தாடையைச் சொறிந்தார். கடைசியில் சேதுராயர்தான் தூணிலிருந்து நிமிர்ந்து, "படிக்கட்டும்" என்றார். அதைச் சொல்லிவிட்டு நிற்காமல் மழையில் இறங்கி நடந்தார்.

மறுநாள் படிக்க உட்கார்ந்தால், மேகாலயாவை அரை நாளில் முடித்தவர்களுக்குத் தமிழ்நாடு வாயில் நிற்கவில்லை. 1956 நவம்பர் ஒன்று, மொழிவழியாக மாநிலங்களின் எல்லைகளைத் திருத்தியபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்ப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தன என்று முத்துராக்கு வாசிக்க, கோட்டைச்சாமி நிறுத்திவிட்டான்.

"எங்க பெரியம்மா செங்கோட்டை. அப்ப அது வேற மாநிலத்துலயா பிறந்துச்சு?"

"பிறந்தது அங்க, வாக்கப்பட்டது இங்க. ஊரு நகரலை, கோடுதான் நகர்ந்துச்சு" என்றாள் முத்துராக்கு.

"அதான் அதுக்கு எங்க பெரியப்பாவோட ஒத்துவரலை."

சென்னை மாநிலம் என்ற பெயர் 1969 பொங்கலன்று தமிழ்நாடு ஆனதைச் சொன்னார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கமே மழையை இறக்கிவிட்டுக் காலிக் கையோடு இங்கே வருவதைச் சொன்னார்கள். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவதுதான் இந்த மண்ணுக்கு உரிய மழை என்பதையும், வருடத்தில் சில நாட்களே பெய்கிற அதைப் பிடித்துவைக்க முன்னோர் கண்மாய்களைச் சங்கிலியாக வெட்டினார்கள், ஒன்று நிறைந்து வழிகிற மறுகால் அடுத்ததற்கு வரத்துக்கால் என்பதையும் சொன்னார்கள். எல்லாம் சரியாகச் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. வெளியே மேகாலயா பெய்துகொண்டே இருந்தது.

"எதையோ விட்டுட்டோம்" என்றாள் ஜெசிந்தா.

"வரிக்கு வரி சொல்லிட்டோமே" என்றான் கோட்டைச்சாமி.

"சொன்னோம். தெரிஞ்சா சொன்னோம்? சங்கிலின்னு சொல்றோம். நம்ம கண்மாய்க்கு வரத்து எங்கேருந்து வருது?"

மூவருக்கும் தெரியவில்லை. மழைக்கு ஒதுங்கியிருந்தவர்களைக் கேட்டார்கள். மேலக்கண்மாயிலிருந்து என்று ஒருவர் சொன்னார், அது தெரிந்ததுதான். மேலக்கண்மாயிலிருந்து எந்த வழியாக என்றால் பேச்சு பிரிந்தது. கோயிலுக்குக் கிழக்கே என்றார்கள், மேற்கே என்றார்கள், ரோடு போட்டபோது மூடியது என்றார்கள், ரோடே அதன் மேல்தான் போகிறது என்றார்கள். கனி பாய் கரித்துண்டை எடுத்து, கொட்டகையை ஒட்டியிருந்த தன் டீக்கடைச் சுவரில் மேலக்கண்மாயை வரைந்தார். ஆளாளுக்கு ஒரு கரித்துண்டு எடுத்தார்கள், கரிக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை. பனைமர வரிசை வந்தது, இடிந்த மடை வந்தது, பள்ளிக்கூடத்துப் பின்சுவர் ஏன் வருடா வருடம் ஒரே இடத்தில் விரிசல் விடுகிறது என்பது வந்தது. கோடு சுவரில் இறங்கி இறங்கி வந்து, ஒரு இடத்தில் எல்லார் கையும் நின்றது.

அத்தனை பேரும் தங்கள் காலடியைப் பார்த்தார்கள். கோடு சந்தைக் கொட்டகைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது.

அங்குச்சாமி செருப்பால் தரையைத் தட்டிப் பார்த்து, "எங்கப்பா தலைவரா இருந்தப்பக் கட்டினது" என்றார். "தூர்ந்து மேடா இருந்துச்சு, வாகா இருக்குன்னு கட்டினாரு."

"வாகாத்தான் இருக்கு" என்றார் கனி பாய்.

"இடிச்சா பிள்ளைக எங்க உக்காந்து படிக்கும்?"

"இடிக்க வேணாம் மாமா" என்றாள் முத்துராக்கு. "நாங்க ஒதுங்கி உக்காந்துக்கிறோம்."

மறுநாளே தரையை வெட்டினார்கள். சிமென்ட்டுக்குக் கீழே செம்மண், செம்மண்ணுக்குக் கீழே கழுவிவிட்டதுபோல் ஆற்று மணல், வரத்துக்கால் தான் இருந்த இடத்திலேயே படுத்திருந்தது. ஊர் மொத்தமும் மண்வெட்டியோடு மேலக்கண்மாய்வரை போனது, பள்ளிக்கூடச் சுவரைச் சுற்றி வளைத்து வெட்டியது, ரோட்டுக்குக் கீழே குழாய் நுழைத்தது. வெட்டி முடித்த நாளில் கொட்டகையின் நடுவே கால்வாய் ஓட, ஒரு கரையில் முத்துராக்குவும் ஜெசிந்தாவும், எதிர்க்கரையில் கோட்டைச்சாமியும், சுற்றிலும் ஊரும் உட்கார்ந்து, புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு, தமிழ்நாட்டை ஒப்பித்தார்கள். கண்மாய்ச் சங்கிலி என்ற இடம் வந்தபோது ஊரும் சேர்ந்துகொண்டது. புத்தகத்தில் இல்லாத கண்மாய்ப் பெயர்களை, மேலிருந்து கீழாக, மறுகால் மறுகாலாக, கடல்வரை சொன்னது.

மேகாலயா நின்றது. கண்மாய் வெறுமையாயிற்று. வெயில் அடித்தது, புழுக்கமாக, காற்றே இல்லாமல், மிகத் தெரிந்த வெயில்.

அடுத்து வந்த நாட்கள் நல்ல நாட்கள் இல்லை. கொட்டகைக்கு இட்லி வருவது நின்றது. ஒலிபெருக்கியில் பாட்டு மட்டும் போட்டார்கள். சேதுராயர் வயல் வரப்பில் உட்கார்ந்து பயிரின் நுனி மஞ்சளாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவள் சோறு போட்டால் சாப்பிட்டார், தட்டைக் கழுவிவைத்துவிட்டு மறுபடி வரப்புக்குப் போனார். ஒரு பக்கம் பின்னால் திருப்பினால் போதும் என்று அவளுக்கு ஒவ்வொரு காலையும் தோன்றியது. திருப்பவில்லை. தமிழ்நாட்டையே திரும்பத் திரும்ப ஒப்பித்தாள், கால்வாய்க் கரையில், தொண்டை கட்டுகிறவரை.

ஐப்பசி பாதியில் ஒரு மத்தியானம் வடகிழக்கு கறுத்தது. முதலில் மண்வாசனை, பிறகு சாய்ந்து வருகிற தூறல், பிறகு மழை. மேகாலயாவோடு ஒப்பிட்டால் அது பெரிய மழை இல்லை, நின்று நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு பெய்தது. ஆனால் மேலக்கண்மாய் நிறைந்து, மறுகால் பாய்ந்து, நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு தண்ணீர் சந்தைக் கொட்டகைக்குள் நுழைந்தபோது, கோட்டைச்சாமி தன் செருப்பை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தான். அது படித்ததால் வந்த மழையா, மாதம் வந்ததால் வந்த மழையா என்று டீக்கடையில் இன்றுவரை பேச்சு முடியவில்லை.

கண்மாய் அளவுகல்லைத் தொட்டதும் அங்குச்சாமி கொட்டகைக்கு வந்தார். ஊரும் வந்தது. பக்கத்தைத் திருப்பினால் இந்தத் தண்ணீரும் போய்விடுமா என்ற ஒரே கேள்விதான் எல்லோருக்கும் இருந்தது. முத்துராக்கு அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அவள் பக்கத்தைத் திருப்பினாள். சிக்கிம். மன்னராட்சியாக இருந்து, 1975 மே மாதம் இருபத்திரண்டாவது மாநிலமாகச் சேர்ந்தது, தலைநகர் காங்டாக், மேற்கே காஞ்சன்ஜங்கா. சொன்னார்கள், திருப்பிச் சொன்னார்கள், புத்தகத்தைக் கவிழ்த்து ஒப்பித்தார்கள்.

அன்று சாயங்காலமே வெள்ளூரணியில் பனி விழத் தொடங்கியது. ஜனங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கண்மாய்ப் பக்கம் போகத் துணியாமல் படுத்தார்கள்.

விடிந்ததும் முதலில் போனவர் சேதுராயர். பின்னாலேயே முத்துராக்கு போனாள், அவளுக்குப் பின்னால் துண்டும் கம்பளியுமாக ஊர். கரைமேல் பனை ஓலைகள் வெள்ளையாகத் தொங்கின. கண்மாய் முழுவதும் வெள்ளையாக, ஒரு சத்தமும் இல்லாமல், பனிக்கட்டியால் மூடிக்கிடந்தது. கீழே என்ன இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியவில்லை. தண்ணீர் இருக்கலாம், வெறும் தரையும் இருக்கலாம். சேதுராயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். பனிக்கட்டி விரிந்து உடைந்தது. உடைந்த இடத்தில் காம்பை விட்டார். அது போனது, இன்னும் போனது, அவர் கை முழங்கைவரை உள்ளே போனது. கையை எடுத்தபோது நீர் சொட்டியது, செம்மண் கலங்கிய நீர்.

நடுங்கிக்கொண்டே கரையேறி வந்து மகள் எதிரில் நின்றார்.

"நம்மதுதான்" என்றார். "போகலை."

பிறகு அவள் போர்த்தியிருந்த கம்பளியின் நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு, "குளிருது ஆத்தா" என்றார். "சீக்கிரம் அடுத்ததைப் படி."